ஒளியூட்டப்பட்ட கட்டடங்கள், ஒளியூட்டப்பட்ட உடல்கள்: எல்இடி வரலாற்றை முன்வைத்து

2012 நவம்பர் கடைசியில் ஒரு ராத்திரி, நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சி, அலிஷியா கீஸின் பாட்டுக்கு ஏற்ப நிறம் மாறி மாறி ஆடியது. அதுவரை அந்தக் கட்டடத்தில் நிறம் மாற்றுவதென்றால் தொழிலாளிகள் மேலே ஏறிப்போய் ஃபிளட் லைட்டுகளின் முகத்தில் கலர்த் தட்டுகளைக் கையால் மாட்டவேண்டும். மணிக்கணக்கில் ஆகும். பத்து நிறம் தேறினால் அதிகம். எல்இடி வந்த பிறகு கணினியில் ஒரு விரல்தட்டு போதும். 1 கோடியே 60 லட்சம் நிறங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். கணக்கு எளிதுதான்: சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று டயோடுகள், ஒவ்வொன்றுக்கும் 256 படிகள், மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216. இதில் பக்கத்துப் பக்கத்துப் படிகளை மனிதக் கண் பிரித்தறியாது. கண்ணுக்குத் தெரியாத நிறத்தையும் விற்கலாம் என்பதுதான் இதில் நிஜமான கண்டுபிடிப்போ என்னமோ.

விளக்குக் கம்பெனிகள் தங்கள் வரலாற்றை ஒரே மாதிரிதான் சொல்கின்றன. தீப்பந்தம், எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு, குண்டு பல்பு, ட்யூப் லைட், கடைசியில் எல்இடி. இருளிலிருந்து ஒளிக்கு என்று நேர்கோட்டில் ஏறும் ஒரு பெருங்கதையாடல். இதில் விளக்கு இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது. வெளிச்சம் யார்மேல் விழுந்தது, யார் சொல்லி விழுந்தது என்பது மட்டும் இல்லை. அதே நியூயார்க்கில், எம்பயர் ஸ்டேட் கட்டப்படுவதற்கு இருநூறு வருஷங்களுக்கும் முந்திய ஒரு சட்டத்திலிருந்து இந்தக் கதையைத் தொடங்கிப் பார்க்கலாம்.

1712இல் அந்த ஊரில் அடிமைகளின் கிளர்ச்சி ஒன்று நடந்தது. கொடூரமாக ஒடுக்கினார்கள். மறு வருஷம், 1713இல், நகரசபை ஒரு சட்டம் போட்டது. பதினாலு வயதுக்கு மேற்பட்ட கறுப்பின அடிமையோ செவ்விந்திய அடிமையோ, கூட வெள்ளையர் யாரும் இல்லாமல் இருட்டிய பிறகு தெருவில் போவதானால் கையில் எரியும் விளக்கு வைத்திருக்க வேண்டும். விளக்கில்லாமல் அகப்பட்டால் சவுக்கடி. ஆய்வாளர் சிமோன் பிரௌன் 2015இல் வெளிவந்த தமது நூலில் இந்தச் சட்டத்தைக் கண்காணிப்பின் வரலாற்றுக்கு நடுவே கொண்டுவந்து வைத்தார். நம்ம ஊர்க் கல்யாண ஊர்வலங்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்து நடந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கைத் தூக்கியவர் முகம் யாருக்கும் தெரியாது, வெளிச்சம் மாப்பிள்ளைக்கு. நியூயார்க் சட்டம் இதைத் தலைகீழாக்குகிறது. தூக்குகிறவனேதான் காட்டப்படவேண்டியவன். அவன் வழி பார்த்து நடக்க அல்ல அந்த விளக்கு, அவனைப் பிறர் பார்க்க. தன் உடம்பைக் காட்டிக்கொடுக்கும் கருவியைத் தானே சுமந்து திரியவேண்டும்.

இதே நூற்றாண்டின் இறுதியில் பெந்தம் தன் பனாப்டிகான் சிறையை வரைகிறார். பூக்கோ வழியாக நமக்கெல்லாம் அறிமுகமான கட்டடம். நடுவில் கோபுரம், சுற்றிலும் அறைகள், பின்சன்னல் வழியே வரும் பகல் வெளிச்சத்தில் கைதியின் உருவம் கோபுரத்துக்குத் துலங்கும். ராத்திரிக்கு என்ன செய்வது? பெந்தம் அதையும் யோசித்திருக்கிறார். கோபுரச் சன்னல்களுக்கு வெளியே சிறு விளக்குகள், அவற்றின் பின்னால் பிரதிபலிப்பான்கள். வெளிச்சம் அறைகளுக்குள் பாயும். பகலின் பாதுகாப்பு இரவுக்கும் நீளும். கட்டடக் கலைக்கும் விளக்குக்குமான உறவைப் பேசும் புத்தகங்கள் இந்த வரைபடத்தை ஏனோ தாண்டிப் போய்விடுகின்றன. கட்டடத்தின் அமைப்போடு சேர்த்தே வெளிச்சத்தைத் திட்டமிட்ட ஆரம்பகால முயற்சிகளில் இதுவும் ஒன்று என்பேன்.

பாரிஸில் 1667இல் தெருவிளக்கு ஏற்பாட்டைக் கையில் எடுத்தவர் புதிதாய் நியமிக்கப்பட்ட போலீஸ் அதிகாரி ல ரெய்னி. 1830 ஜூலைப் புரட்சியில் ஜனங்கள் அந்த விளக்குகளை வரிசையாக உடைத்துக்கொண்டு போனார்கள். விளக்கை உடைப்பது காலித்தனம் என்று இன்றைக்கு நமக்குப் படுகிறது. அன்று அது போலீசின் கண்ணை உடைப்பது.

கட்டட வெளிச்சம் ஒரு கலையாகத் தன்னை அறிவித்துக்கொண்டது 1920களில். ஜெர்மனியில் ஜோவாகிம் டைஷ்முல்லர் என்ற பொறியாளர் 1927இல் 'ஒளிக்கட்டடக்கலை' என்ற சொல்லை உருவாக்கினார். மறு வருஷம் அக்டோபரில் பெர்லின் நகரமே நாலு ராத்திரி விளக்குவிழா கொண்டாடியது. அதற்குக் குர்ட் வைல் பாட்டே எழுதினார். அமெரிக்காவில் ரேமண்ட் ஹூட் 1930இல் இரவின் கட்டடக்கலை பற்றிப் பேசினார். கல், இரும்பு, கண்ணாடி மாதிரி வெளிச்சமும் ஒரு கட்டுமானப் பொருள் என்பது இவர்கள் வாதம். கடைவீதி, சினிமாக் கொட்டகை, விளம்பரப் பலகை இவைதான் அதன் நடைமுறை. முதலாளியம் தன் சரக்கை ராத்திரியிலும் காட்டக் கற்றுக்கொண்ட காலம் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம். ஆனால் இதே மொழியை அடுத்து எடுத்துக்கொண்டவர்கள் நாஜிகள்.

1930களின் நடுவில் நியூரம்பெர்க் கட்சி மாநாடுகளில் ஆல்பர்ட் ஸ்பீர் அமைத்த 'ஒளிக் கதீட்ரல்' பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். விமானப்படையின் தேடுவிளக்குகள் நூற்றுக்கும் மேல், சுமார் பன்னிரண்டு மீட்டர் இடைவெளியில், மைதானத்தைச் சுற்றி நட்டு வானத்தை நோக்கி எரியவிட்டார். கூரையும் சுவரும் இல்லாத கட்டடம். இதன் தோற்றம் பற்றி அவரே பிற்பாடு நினைவுக்குறிப்பில் எழுதியது சுவாரஸ்யமானது. கட்சியின் உள்ளூர்ப் பிரமுகர்கள் பதவிசுகத்தில் தொப்பை போட்டுவிட்டார்கள். ஒழுங்காக அணிவகுக்க மாட்டார்கள். ராணுவம், தொழிலாளர் படைக்கு முன்னால் கேவலமாக இருக்கும். அப்படீன்னா இருட்டில் நடக்கவிடலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார். அத்தனை விளக்கும் சேமிப்பில் இருந்ததில் பெரும்பகுதி என்று கோரிங் முனகியபோது, இவ்வளவை மாநாட்டுக்கே கொடுக்கிறோம் என்றால் நம்மிடம் எக்கச்சக்கமாக இருக்கிறதென்று அந்நிய நாடுகள் நினைக்கும் என்றாராம் ஹிட்லர். பாசிசத்தின் மகத்தான அழகியல் என்று பேசப்படுவதன் அடியில் இருப்பது தொப்பையை மறைக்கும் ஏற்பாடு. காட்டுவதும் மறைப்பதும் ஒரே ஸ்விட்சில்.

இனி டயோடுக்கு வருவோம். படிகத்தில் மின்சாரம் பாய்ச்சினால் வெளிச்சம் வருவதை 1907இல் மார்கோனி கம்பெனியில் வேலைபார்த்த ஹென்றி ரவுண்ட் ஒரு சிறு குறிப்பாக எழுதினார். 1920களில் சோவியத் ரஷ்யாவில் ஒலெக் லோசெவ் இதை முறையாக ஆராய்ந்தார். ரேடியோ ஆய்வுக்கூடத்தில் கீழ்நிலை வேலையில் தொடங்கி மேலே வந்தவர். 1942இல் லெனின்கிராட் முற்றுகையின்போது பசியால் செத்துப்போனார். வயது 38. 1962இல் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியைச் செய்த நிக் ஹோலன்யாக் சுரங்கத் தொழிலாளியின் மகன். சிவப்பும் பச்சையும் கால்குலேட்டரிலும் கைக்கடிகாரத்திலும் முணுக் முணுக்கென்று எரிந்துகொண்டிருந்தன. நீலம் மட்டும் முப்பது வருஷம் பிடிகொடுக்கவில்லை. நீலம் இல்லாவிட்டால் வெள்ளை கிடையாது. வெள்ளை இல்லாவிட்டால் வீட்டுக்கும் தெருவுக்கும் கட்டடத்துக்கும் எல்இடி கிடையாது.

நகோயாவில் அகசாகியும் அமானோவும் காலியம் நைட்ரைடோடு மல்லுக்கட்டி வழிதிறந்தார்கள். 1993இல் பிரகாசமான நீல எல்இடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது ஷிகோகு தீவில் இருந்த நிச்சியா என்ற கம்பெனி. செய்தவர் அதன் ஊழியர் ஷுஜி நகமுரா. காப்புரிமைக்காகக் கம்பெனி அவருக்குக் கொடுத்த வெகுமதி 20,000 யென். அவர் வேலையை விட்டு அமெரிக்கா போய் வழக்குத் தொடுத்தார். 2004இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் தரச் சொன்னது. கம்பெனி மேல்முறையீடு செய்ய, 2005இல் வட்டியோடு சேர்த்துச் சுமார் 84 கோடி யென்னில் சமரசம். 2014இல் மூவருக்கும் நோபல். விஞ்ஞானியும் கடைசியில் கூலிக்காரன்தான் என்பதை நிரூபிக்க இந்த வழக்கு போதும். அவருக்காவது நீதிமன்றம் போக வழி இருந்தது.

இன்னொரு பக்கமும் பார்க்கவேண்டும். 1924இல் ஜெனீவாவில் ஒன்றுகூடிய பல்பு முதலாளிகளின் ஃபீபஸ் கூட்டணி, ஒரு பல்பு 1,000 மணி நேரத்துக்குமேல் எரியக்கூடாது என்று முடிவுசெய்து, மீறிய கம்பெனிகளுக்கு அபராதம் போட்டது. எல்இடி 25,000 மணி நேரம், அதற்கு மேலும் எரியும். ஒருதரம் மாட்டினால் வியாபாரம் முடிந்தது. ஆகவே விளக்கை விற்பதிலிருந்து மாற்றத்தை விற்பதற்கு நகர்ந்தார்கள். நிறம் மாறும் எல்இடியைக் கட்டடங்களுக்குக் கொண்டுவந்த கலர் கைனெட்டிக்ஸ் 1997இல் தொடங்கியது. 2007இல் பிலிப்ஸ் அதை வாங்கிக்கொண்டது. 2015இல் ஆம்ஸ்டர்டாம் ஷிபோல் விமான நிலையத்துக்கு பிலிப்ஸ் விளக்கை விற்கவில்லை. வெளிச்சத்தை வாடகைக்கு விட்டது.

மாறும் வெளிச்சம் என்பது பேசும் வெளிச்சம். எம்பயர் ஸ்டேட் 1976 முதலே நிறத்தால் பேசிவருகிறது. 2009இல் சீன மக்கள் குடியரசின் அறுபதாம் ஆண்டுக்குச் சிவப்பும் மஞ்சளும் எரிந்தது, எதிர்ப்பு கிளம்பியது. 2010இல் அன்னை தெரசாவின் நூற்றாண்டுக்கு எரியவிட மறுத்தார்கள், அதற்கும் எதிர்ப்பு. தனியார் கட்டடம், எங்கள் இஷ்டம் என்பதுதான் பதில். ஊர் முழுக்கத் தெரிகிற வெளிச்சம் ஒரு முதலாளியின் சொத்து.

மியூனிக்கில் 2021 ஜூனில் நடந்தது இதைவிடத் துலக்கமானது. ஹங்கேரி நாடாளுமன்றம் தன்பாலின உறவு பற்றிச் சிறுவர்களுக்குச் சொல்வதைத் தடுக்கும் சட்டத்தை அந்த மாதம்தான் நிறைவேற்றியிருந்தது. ஜெர்மனி ஹங்கேரி கால்பந்துப் போட்டிக்கு அலியான்ஸ் அரங்கத்தை வானவில் நிறத்தில் ஒளிரவிட நகரசபை கேட்டது. முழு உடம்பும் எல்இடியால் ஒளிரும் அரங்கம். ஒரு கட்டளை கொடுத்தால் நடந்துவிடும். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு மறுத்தது. கோரிக்கை அரசியல் சார்ந்தது என்றது. நகரசபை என்ன செய்தது தெரியுமா? அரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த காற்றாலையையும் ஒலிம்பிக் கோபுரத்தையும் வானவில்லாக்கியது. வேறு ஊர் அரங்கங்களும் அன்றைக்கு ராத்திரி சேர்ந்துகொண்டன. ஒரு கோடிக்குமேல் நிறம் இருந்தும் ஆறே நிறத்துக்கு இடமில்லை.

திரும்ப நியூயார்க். எம்பயர் ஸ்டேட் பாட்டுக்கு ஆடி இரண்டு வருஷம் கழிய, 2014இல், ஏழைகள், பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் வாழும் அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் போலீஸ் பெரும் விளக்குக் கோபுரங்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. 'எங்கும் இருத்தல்' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். கடவுளுக்குச் சொல்கிற சொல். டீசல் ஜெனரேட்டரில் ஓடும் கோபுரங்கள். விடிய விடிய இரைச்சல். சன்னல் வழியே வெளிச்சம் படுக்கைமேல். பிரௌன் 1713ஆம் வருஷத்து விளக்கை இந்தக் கோபுரத்தோடு இணைத்துப் படிக்கிறார்.

நண்பர்கள் கேட்கலாம்: ராத்திரி வேலை முடிந்து தனியாக வீடு திரும்பும் பெண்ணுக்கு வெளிச்சம் வேண்டாமா? வேண்டும். 2016இல் இந்தக் குடியிருப்புகளில் குலுக்கல் முறையில் இடம் தேர்ந்து நடத்திய ஆய்வில், இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுமையான குற்றங்கள் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்ததாகக் கண்டார்கள். அதை மறைத்துவிட்டு நாம் பேசமுடியாது. இருட்டைப் புனிதப்படுத்துவது சொகுசான இலக்கியவாதிகளின் வேலை. குடியிருப்பவர்கள் கேட்டதும் எரியும் நல்ல விளக்கைத்தான்: மாடிப்படியில், லிஃப்டில், வாசலில். கிடைத்தது, அவர்களைப் பார்க்கும் விளக்கு.

இதே சமயத்தில் நகரத்தின் தெருவிளக்குகள் எல்லாம் எல்இடிக்கு மாறிக்கொண்டிருந்தன, இரண்டரை லட்சம் விளக்குகள். வெள்ளை எல்இடி என்பது நீல டயோடின்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது; நீலம் தூக்கலாக இருந்தால் கண் கூசும், தூக்கம் கெடும். புரூக்ளின் வீடுகளிலிருந்து புகார்கள் போயின. 2016 ஜூனில் அமெரிக்க மருத்துவச் சங்கம் 3,000 கெல்வினுக்கு மேற்பட்ட வெள்ளை வேண்டாமென்று சொன்னது. நகர நிர்வாகம் இறங்கிவந்து மிதமான நிறத்துக்கு மாறியது. தூக்கம் போச்சு என்று அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் சொன்னால் அந்தப் புகார் போகவேண்டிய இடம் தெருவிளக்குத் துறை இல்லை. கீழே கோபுரத்தை நிறுத்தியிருக்கிற போலீஸ்காரரிடம்தான் சொல்லவேண்டும்.