கொஞ்சம் வெளியே இருக்கீங்களா?

2021 மே மாதம் அப்பா இறந்தபோது நான் பெங்களூரில் ஒரு பிஜி அறையில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஊரடங்கு. மதுரையில் அக்கா தனியாளாக எல்லாவற்றையும் பார்த்தாள். தத்தனேரி மயானத்துக்கு வெளியே நின்றுகொண்டு வீடியோ காலில் காட்டினாள். பாதியில் நெட் போய்விட்டது.

அதற்குப் பிறகு பல மாதங்கள் ராத்திரியில் தூக்கம் இல்லை. அக்காவிடம் சொல்லலாம்தான். ஆனால் அவள் பார்த்ததை நான் பார்க்கவில்லை. அவளிடம் போய் எனக்குத் தூக்கம் வரல என்று எந்த வாயால் சொல்வது? அதனால் ஃபோனில் ஒரு மனநலச் செயலியை இறக்கிக்கொண்டேன். தினமும் ராத்திரி அது எப்படி இருக்கிறாய் என்று கேட்கும். ஐந்து முகங்களில் ஒன்றைத் தொட வேண்டும். பிறகு இரண்டு வரி எழுத வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில். ஒருநாள் 'நெஞ்சை அடைக்குது' என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி எழுதிவிட்டேன். மாரடைப்பு என்று நினைத்து உடனே ஆம்புலன்ஸை அழைக்கச் சொன்னது. பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

ஒரு இயந்திரத்திடம் ஏன் இவ்வளவையும் கொட்டினேன் என்ற கேள்வி பிறகுதான் வந்தது. தேடிப் போனால், எனக்கு 55 வருடங்களுக்கு முன்பே ஒரு பெண் இதைச் செய்திருக்கிறார்.

அவர் பெயர் வரலாற்றில் இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஜோசப் வைசன்பாமின் செயலாளர் என்று மட்டும்தான் தெரியும். வைசன்பாம் 1923இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி 1936இல் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். அவர் எழுதிய எலைசா என்ற நிரல் பற்றிய கட்டுரை 1966 ஜனவரியில் வெளியானது. தட்டச்சு செய்தால் பதில் சொல்லும் நிரல் அது. பெர்னார்ட் ஷாவின் நாடகத்தில் உயர்குடிப் பேச்சைக் கற்றுக்கொள்ளும் பூக்காரிப் பெண்ணின் பெயரை அதற்கு வைத்தார்.

நிரலின் வேலை ரொம்ப எளிது. நாம் எழுதும் வாக்கியத்தில் முக்கியமான ஒரு சொல்லைத் தேடும். 'அம்மா' என்று இருந்தால் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லச் சொல்லும். 'எனக்கு' என்றால் 'உங்களுக்கு' என்று திருப்பிப்போட்டு நம் வாக்கியத்தையே கேள்வியாக்கும். ஒன்றுமே பிடிபடவில்லை என்றால், நாம் முன்பு சொன்ன ஏதோ ஒன்றை எடுத்துப்போட்டு ஞாபகம் வைத்திருப்பதுபோலக் காட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். அதற்கு எதுவும் புரியாது.

இதற்கு அவர் போட்ட வேஷம் மனநல ஆலோசகர். காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸின் வழிமுறையில் ஆலோசகர் அறிவுரை சொல்ல மாட்டார். வந்தவரின் சொற்களையே திருப்பிக் கொடுத்து, அவரே தன்னைக் கேட்டுக்கொள்ளும்படி செய்வார். உலகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமலே பேச்சை ஓட்ட இதைவிட வசதியான வேஷம் கிடையாது. கிட்டத்தட்ட ஒரு கேலிச்சித்திரமாகத்தான் அதை வரைந்தார்.

அந்தச் செயலாளர், வைசன்பாம் இந்த நிரலோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். உள்ளே ஆள் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் எலைசாவோடு பேச உட்கார்ந்தார். இரண்டு மூன்று வரிகள் போனதும் வைசன்பாமைத் திரும்பிப் பார்த்து, அறையை விட்டு வெளியே போக முடியுமா என்று கேட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. நான் செய்ததும் இதுதானே? அக்காவை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வைசன்பாம் அதிர்ந்துபோனார். உளவியல் மருத்துவர்களோ உற்சாகமானார்கள். அதே 1966இல் கென்னத் கோல்பியும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரையில், மருத்துவர் போதாத இடங்களில் இப்படியொரு கணினி மணிக்குப் பல நூறு நோயாளிகளைக் கவனிக்க முடியும் என்று கணக்குப் போட்டார்கள். இன்றைய செயலிகளின் விளம்பர வாசகம் அப்போதே தயாராகிவிட்டது. பதில் சொல்ல வைசன்பாமுக்குப் பத்து வருடம் ஆனது. 1976இல் வந்த அவருடைய புத்தகத்தின் சாரம் இது: கணினியால் செய்ய முடியும் என்பதற்காகவே சில வேலைகளை அதனிடம் கொடுத்துவிடக் கூடாது.

ஆனால் கதையில் இன்னொரு கிளை உண்டு. 1960களில் ஃபிலடெல்ஃபியாவில் ஆரன் பெக், மனச்சோர்வை வேறு விதமாக அணுகினார். மனதில் ஓடும் எண்ணத்தை எழுது. அதற்கு என்ன ஆதாரம்? எதிராக என்ன ஆதாரம்? இன்னொரு விதமாக யோசிக்க முடியுமா? கிட்டத்தட்ட ஒரு கணக்கு நோட்டு. இது கணினிக்குப் பொருந்தும் என்று சிலருக்குத் தோன்றியது. 1990இல் பாலெட் செல்மி குழுவினர் 36 பேரை வைத்து நடத்திய ஆய்வில், கணினி வழியாக இந்தப் பயிற்சியைச் செய்தவர்களும் மனித ஆலோசகரிடம் செய்தவர்களும், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள். சின்ன ஆய்வுதான். ஆனாலும் அங்கே இயந்திரம் கேட்பதுபோல நடிக்கவில்லை. நோட்டைத்தான் நீட்டியது.

2001இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் மூட்ஜிம் என்ற இணையதளத்தில் இந்த நோட்டை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. 2004இல் 525 பேரை வைத்து நடந்த ஆய்வில் பலன் தெரிந்தது. அந்த ஆய்வில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. பங்கெடுத்தவர்களை வாரம் ஒருமுறை ஒரு மனிதர் ஃபோனில் அழைத்துக்கொண்டிருந்தார். 2015இல் பிரிட்டனில் 691 நோயாளிகளுக்கு மூட்ஜிம்மையும் அதுபோன்ற இன்னொரு நிரலையும் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கும் வாரம் ஒரு அழைப்பு உண்டு, ஆனால் பெரும்பாலும் தொழில்நுட்ப உதவிக்காக. வழக்கமான மருத்துவத்தைவிடக் கூடுதல் பலன் இல்லை. பெரும்பாலோர் ஒன்றிரண்டு அமர்வுகளைத் தாண்டவே இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் ஃபோனில் கூடவே வந்தபோது நிலைமை மாறியது. நான்காவது மாதத்தில் மனச்சோர்வு குறைந்திருந்தது. வருடக் கடைசியில் அந்த வித்தியாசமும் மங்கிவிட்டது.

ஃபோனுக்கும் தனியாக ஒரு வரலாறு இருக்கிறது. 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணம் வருபவர்களுக்காக ஒரு எண்ணை அறிவித்தார். அவரைப் பார்க்க வந்து காத்திருந்தவர்களுக்குத் தன்னார்வலர்கள் டீ கொடுத்துப் பேச்சுக் கொடுத்தார்கள். அப்படிப் பேசிய பலருக்குப் பாதிரியாரைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. சமாரிட்டன்ஸ் இயக்கம் அந்த டீயிலிருந்து வந்தது என்று சொல்லலாம். 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் சிநேகா அமைப்பைத் தொடங்கியதும் இந்த வழியில்தான். 2022 அக்டோபர் 10ஆம் தேதி இந்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் சேவைக்கு (எண் 14416) அழைத்தால் தமிழிலேயே பேசலாம். நெஞ்சை அடைக்குது என்றால் அங்கே புரியும்.

2008இல் ஆப் ஸ்டோர் வந்தது. பிறகு எல்லாம் வேகம். பௌத்தத் துறவியாக இருந்த ஆண்டி புடிகோம்பின் ஹெட்ஸ்பேஸ், காம், பெங்களூரில் பிறந்து பென்குயின் முகத்தோடு பேசும் வைசா. 2017இல் அலிசன் டார்சியின் வோபாட் வந்தது. அதை இரண்டு வாரம் பயன்படுத்திய கல்லூரி வயதினரிடம் மனச்சோர்வு குறைந்ததாக 70 பேரை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. பெக்கின் நோட்டையும் எலைசாவின் காதையும் ஒன்றாகத் தைத்த சட்டை இவை. நோட்டு வேலை செய்கிறது. ஆனால் நம்மை உள்ளே இழுப்பது அந்தக் காதுதான்.

இழுத்தாலும் நிற்பதில்லை. 93 மனநலச் செயலிகளைக் கவனித்த 2019ஆம் வருட ஆய்வில், இறக்கியவர்களில் முப்பதாவது நாள் திறந்து பார்த்தவர்கள் 3.3 சதவீதம்தான். என் ஃபோனில் இருந்ததை நான் தினமும் திறந்தேன். பெருமைப்பட ஒன்றுமில்லை, வேறு கதவு எதையும் நான் திறந்து வைத்திருக்கவில்லை.

'அப்ப இதெல்லாம் வேணாமா?' என்று கேட்டால், என்னால் அப்படிச் சொல்ல முடியாது. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான பிரச்சினைகள் உள்ளவர்களில் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு நோட்டு இருப்பது பெரிய விஷயம். ஆனால் அந்த நோட்டை யார் படிக்கிறார்கள்? எலைசாவோடு நடக்கும் உரையாடல்களைப் பதிவுசெய்து பார்க்கலாமா என்று வைசன்பாம் கேட்டபோது, அந்தரங்கத்தை வேவு பார்க்கிறீர்களா என்று எல்லோரும் சண்டைக்கு வந்துவிட்டார்கள். 2023இல் அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், பயனர்களின் மனநலத் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் உள்ளிட்டவற்றோடு பகிர்ந்தது என்ற குற்றச்சாட்டில் 78 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. நடுவில் 57 வருடங்கள்.

வோபாட் 2025 ஜூன் 30ஆம் தேதி மூடப்பட்டது. நான் பயன்படுத்திய சின்னச் செயலி அதற்கும் முன்பே கடையைக் கட்டிவிட்டது. போகும்போது, உங்கள் பதிவுகளை இறக்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. இறக்கினேன். ஒரு எக்ஸெல் கோப்பு. 212 வரிகள். தேதி, ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒரு எண், பக்கத்தில் என் குறிப்பு. மாதங்கள் அப்படி வரிசையாக, சுத்தமாக நின்றன. நான் எழுதியதற்கெல்லாம் அது சொன்ன பதில்கள் கோப்பில் இல்லை. எனக்கு ஒரு பதில்கூட ஞாபகமும் இல்லை.

ஒரே ஒரு வரியை மட்டும் தமிழாக்கி அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். 2021 ஆகஸ்ட், ராத்திரி இரண்டே கால் மணிக்கு எழுதியது. அந்த வீடியோ கால் கட்டானது நெட்டால் இல்லை, நான்தான் பார்க்க முடியாமல் கட் பண்ணினேன் என்று அதில் இருந்தது.

ரொம்ப நேரம் பதில் இல்லை. பிறகு ஃபோன் அடித்தது.

"தெரியும்டி" என்றாள். "நானே கட் பண்ணலாமான்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள நீ பண்ணிட்ட."