வரைபடத்தில் ஒரு பொத்தான் கூட்டுதல்: கியூஜிஐஎஸ் செருகுநிரலின் வரலாறு

கியூஜிஐஎஸ் என்பது கட்டற்ற நிலவரைபட மென்பொருள். அதை உருவாக்கியவர்கள் வைக்காத ஒரு வேலையை, பயன்படுத்துபவரே எழுதிச் சேர்த்துக்கொள்ள அதில் இடம் உண்டு. அப்படிச் சேர்க்கும் சிறு நிரலுக்குச் செருகுநிரல் அல்லது ப்ளகின் என்று பெயர். அதன் அதிகாரபூர்வக் களஞ்சியத்தில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட செருகுநிரல்கள் உள்ளன. அவற்றை எழுதியவர்களில் நிரலாளர்கள் மட்டுமல்ல, நிலவியலாளர்கள், வனத்துறையினர், நீர்வள ஆய்வாளர்கள், நகரமைப்பு மாணவர்கள் என்று பலரும் உண்டு. வரைபடத்தை வாசிக்கிறவர் அதன் கருவியையும் செய்யத் தொடங்கியது மிக அண்மைய நிகழ்ச்சி.

தமிழ்நாட்டில் நிலவரைபடம் வரையத் தெரியாதவருக்கு அதைக் கற்பிக்கும் வேலை 1794-இல் தொடங்கியது. சென்னைக் கோட்டையில் மைக்கேல் டாப்பிங் அமைத்த நில அளவைப் பள்ளி அது. பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அங்கிருந்துதான் விரிந்தது. பயிற்சி பெற்றவர்கள் அரசுக்காக அளந்தார்கள். வரைபடம் அரசின் உடைமையாகவே இருந்தது. விடுதலைக்குப் பிறகும் இந்த நிலை உடனே மாறவில்லை. கடற்கரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டருக்குள் வரும் பகுதிகளின் விரிவான வரைபடத் தாள்கள் நெடுங்காலம் கட்டுப்பாட்டில் இருந்தன. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் கடலூர்க் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மேற்கே இருப்பதால், 58 எம் என்ற தொகுதியில் அடங்கும் அந்த ஊரின் தாளும் இந்த வட்டத்துக்குள் வந்தது. களிமண் எங்கே கிடைக்கிறது, எந்தப் பாதையில் சூளைக்கு வருகிறது என்று வரைய விரும்பிய ஒருவருக்கு அடிப்படைத் தாளே எளிதில் கைக்கு எட்டாத காலம் அது. 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை பொதுப் பயன்பாட்டுக்கெனத் தனி வரிசையை ஏற்படுத்தியது. 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டு நெறிகள், இந்தியர்களும் இந்திய நிறுவனங்களும் முன் அனுமதி இல்லாமல் புவித் தரவுகளைத் திரட்டவும் வெளியிடவும் பெருமளவு வழிவிட்டன.

கருவியின் கதை வேறு வழியில் நடந்தது. அமெரிக்கத் தரைப்படையின் கட்டுமான ஆய்வுக்கூடம் 1982-இல் தொடங்கிய கிராஸ் என்ற மென்பொருள், தனித்தனிச் சிறு நிரல்களின் தொகுப்பாக வளர்ந்தது. புதிய நிரலை அதில் சேர்க்க முடியும், ஆனால் யூனிக்ஸ் கணினியில் பழகியவருக்கே அது கைவரும். 1990-களில் அலுவலகங்களில் பரவிய ஆர்க்வியூ விற்பனை மென்பொருளாக இருந்தது. அதற்குள் அவென்யூ என்ற மொழியில் சிறு நிரல் எழுதலாம். எழுதியதை இன்னொருவர் பயன்படுத்த வேண்டுமானால் அவரும் அந்த மென்பொருளை விலைக்கு வாங்கியிருக்க வேண்டும். ஒரு சிற்றூர்ப் பள்ளியிலோ சிறு பட்டறையிலோ இருப்பவருக்கு அந்த வாசல் மூடியே இருந்தது.

2002-இல் அலாஸ்காவைச் சேர்ந்த கேரி ஷெர்மன் லினக்ஸ் கணினியில் வரைபடத் தரவைப் பார்க்க ஓர் எளிய கருவி வேண்டுமென்று எழுதத் தொடங்கினார். அந்த ஆண்டின் நடுவில் வெளிவந்த முதல் பதிப்பு, போஸ்ட்ஜிஐஎஸ் என்ற தரவுத்தளத்தில் உள்ள அடுக்குகளைக் காட்டுவதோடு நின்றுவிட்டது. அப்போது அதன் பெயர் குவாண்டம் ஜிஐஎஸ். 2013-இல் வந்த 2.0 பதிப்போடுதான் கியூஜிஐஎஸ் என்பதே பெயராக நிலைத்தது. தேவைப்பட்டதை மட்டும் செய்து, மற்றதை வருகிறவர்களுக்கு விட்டுவைத்த அந்தத் தொடக்கமே செருகுநிரல் மரபின் வேர் என்று சொல்லலாம்.

தொடக்கக் காலச் செருகுநிரல்களை சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுத வேண்டியிருந்தது. மென்பொருளின் மூல நிரலை இறக்கி, தேவையான நூலகங்களைத் திரட்டி, ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனியாகத் தொகுக்க வேண்டும். ஒரு பொத்தான் சேர்க்க ஆசைப்பட்டவர் அந்தப் பொத்தானை எழுதுவதற்கு முன்பே பல நாட்களை இழந்தார். 2007-இல் வந்த 0.9 பதிப்பு பைத்தான் மொழிக்கு வாசல் திறந்தது. தொகுக்க வேண்டியதில்லை, எழுதிய கோப்பை உரிய கோப்புறையில் வைத்தால் போதும். கியூஜிஐஎஸ்-இன் வரலாற்றில் எந்தப் புதிய ஆய்வுக் கருவியையும்விட இந்த மாற்றமே பெரியது. கற்றுக்கொள்ள வருகிறவர் முதல் நாளிலேயே தம் வேலையின் விளைவைத் திரையில் பார்க்க முடிந்தது அதனால்தான்.

விளைவு விரைவில் தெரிந்தது. கார்சன் ஃபார்மர் எழுதிய எஃப்டூல்ஸ் என்ற செருகுநிரல் மென்பொருளோடு சேர்ந்தே வழங்கப்பட்டு, வெக்டர் பட்டியலில் இடம்பிடித்தது. விக்டர் ஒலாயா ஸ்பெயினின் எக்ஸ்ட்ரிமதுரா வட்டாரத்தில் வேறொரு மென்பொருளுக்காக ஜாவாவில் உருவாக்கிய செக்ஸ்டாண்டே, பைத்தானுக்கு மாறி, பிராசசிங் என்ற பெயரில் 2.0 பதிப்பின் முதுகெலும்பாயிற்று. பழைய தாள் வரைபடத்தை நிலத்தோடு பொருத்தும் ஜியோரெஃபரன்சரும் நெடுநாள் செருகுநிரலாக இருந்த பிறகே மையத்துக்குள் சென்றது. வெளியில் இருந்தவர்களின் தேவை இப்படித்தான் மென்பொருளின் உறுப்பாகியது.

இதே ஆண்டுகளில் தமிழ்நாட்டிலும் களம் அமைந்தது. 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் சென்னையில் உருவானது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை வெளியிட்டது. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் வழியாக அது மாணவர்களின் கைக்கும் வந்தது. கணியம் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கியது. விருத்தாசலத்துக்கு வடக்கே, பழைய தென்னார்க்காட்டின் இன்னொரு பகுதியான விழுப்புரத்தில், லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி அளித்துவருகிறது. பெருநகரத்துக்குப் போகாமலே பைத்தான் கற்க முடியும் என்பதற்கு இவை போதுமான சான்று.

தமிழில் எழுதுவோருக்கு மட்டும் ஒரு தனித் தொல்லை நீடித்தது. வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஊர்ப்பெயர்கள் அட்டவணையில் குப்பையாகத் தெரிந்தன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்ற பிறகும், ஷேப்ஃபைல் என்ற கோப்பு வடிவம் புலப்பெயருக்குப் பத்து பைட் மட்டுமே தந்தது. தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் கேட்பதால், மூன்று குறியீடுகளுக்கு மேல் அதில் அடங்காது. பைத்தானின் இரண்டாம் தலைமுறையும் தமிழ்ச் சரங்களைக் கையாளத் தனிக் கவனம் கேட்டது. 2018 பிப்ரவரியில் வந்த கியூஜிஐஎஸ் 3.0, பைத்தான் 3-க்கு மாறியது. ஜியோபேக்கேஜ் வடிவத்தையும் முதன்மையாக்கியது. உலகெங்கும் பழைய செருகுநிரல்கள் புதிய பதிப்பில் ஓடாமல் நின்றுபோயின, பலவற்றை எழுதியவர்கள் திரும்பி வரவேயில்லை. தமிழ்த் தரவுக்கோ அதுவே விடிவு.

இந்த வரலாறு புதிதாகத் தொடங்குபவருக்கு வழியையும் காட்டுகிறது. விருத்தாசலத்தின் பீங்கான் பட்டறைகளை எடுத்துக்கொண்டால், பட்டறைகள் ஓர் அடுக்கு, நெய்வேலிச் சுரங்கப் பகுதி போன்ற களிமண் மூலங்கள் இன்னோர் அடுக்கு. ஒரு பட்டறையைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினால் மிக அருகிலுள்ள மூலமும் அதன் தொலைவும் தெரிய வேண்டும். முதல் செருகுநிரலுக்கு இந்த அளவு போதும். இதை நேரே செருகுநிரலாக எழுதாமல், மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் பைத்தான் முனையத்தில் வரிவரியாக ஓட்டிப் பார்ப்பது நல்லது. முதல் தடுமாற்றம் பெரும்பாலும் தொலைவில்தான் வரும்: தரவு அட்சரேகை, தீர்க்கரேகையில் இருந்தால் விடை மீட்டரில் வராமல் பாகையில் வரும். அடுக்கை யூடிஎம் 44 வடக்கு மண்டலத்துக்கு, அதாவது 32644 என்ற குறியெண் கொண்ட முறைக்கு மாற்றினால் மீட்டர் கிடைக்கும்.

வேலை செய்யும் வரிகள் கைக்கு வந்தபின் உறை தேவை. செருகுநிரலின் குறைந்தபட்ச உடல் ஒரு கோப்புறையும் மூன்று கோப்புகளும். மெட்டாடேட்டா கோப்பு பெயர், பதிப்பு, எந்தக் கியூஜிஐஎஸ்-இலிருந்து ஓடும் என்பவற்றைச் சொல்கிறது. இனிட் கோப்பில் உள்ள கிளாஸ்ஃபேக்டரி, மென்பொருள் தரும் ஐஃபேஸ் என்ற பொருளை வாங்கி முதன்மை வகுப்பிடம் ஒப்படைக்கிறது. முதன்மைக் கோப்பில் இரண்டு செயல்கள் கட்டாயம்: இனிட்ஜியூஐ பொத்தானை வைக்கிறது, அன்லோடு அதை எடுக்கிறது. அன்லோடில் ஒரு வரி விடுபட்டாலும் செருகுநிரலை மறுபடி ஏற்றும்போது ஒரே பொத்தான் இரண்டாக நிற்கும். மென்பொருளை மூடித் திறக்காமல் திருத்தத்தைப் பார்க்க, ப்ளகின் ரீலோடர் என்ற செருகுநிரல் துணை செய்கிறது.

இந்தக் கோப்புகளையெல்லாம் தானே உண்டாக்கித் தரும் ப்ளகின் பில்டரையும் ஷெர்மனே எழுதினார். பிளாஸ்டர் அச்சில் களிமண் குழம்பை ஊற்றி எடுத்த பொம்மையைப் போல அது உடனே வடிவம் தந்துவிடும். எந்த வளைவு ஏன் வந்தது என்பதைச் சொல்லாது. சோதனைக் கோப்பு, மொழிபெயர்ப்புக் கோப்பு, ஆவணக் கோப்பு என்று அது கொட்டுவதில் புதியவர் திகைத்துவிடுகிறார். மூன்று கோப்புகளையும் ஒருமுறை கையால் எழுதிய பிறகு பில்டரிடம் போவதே சிறந்த வரிசை.

ஓடுகிற செருகுநிரலை ஒரு சிப் கோப்பாகக் கட்டி, பக்கத்துக் கணினியில் நிறுவிப் பார்க்கலாம். களஞ்சியத்தில் சேர்ப்பதானால் மூல நிரல் திறந்திருக்க வேண்டும், கியூஜிஐஎஸ் வெளிவரும் ஜிபிஎல் உரிமத்துக்கு இசைந்த உரிமம் வேண்டும், மூலம் எங்கே வைக்கப்பட்டுள்ளது என்ற முகவரியும் பிழை தெரிவிக்கும் இடமும் மெட்டாடேட்டாவில் இருக்க வேண்டும். புதியவரின் முதல் பதிவைத் தன்னார்வலர்கள் பார்த்து ஒப்புதல் தருகிறார்கள். பொத்தானின் பெயரும் உதவிக்குறிப்பும் தமிழில் தெரிய வேண்டுமானால், அவற்றை மொழிபெயர்ப்புக் கோப்பாகச் செருகுநிரலோடு சேர்த்து அனுப்பலாம்.