வாய்ப்புக் கேட்ட குரல்கள்

கேள்வி நேரத்தில் ஒருவர் கேட்டார்: ‘ஆடிஷனுக்குப் போனால் கை நடுங்குகிறது, அந்தக் கால நடிகர்களுக்கு மட்டும் எப்படித் துணிச்சல் வந்தது?’ எனக்குத் தெரிந்த பதில் பாய்ஸ் கம்பெனிகளில் இருக்கிறது.

1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களுக்கென்று தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசைக்குப் பாட்டு கேட்க வேண்டும். ஆகவே குரல்தான் முதல் தேர்வு. டி.கே.சண்முகம் ஆறு வயதில் நாரதர் வேஷம் கட்டியவர். அவருக்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பார்கள். ஆசிரியரே பையனுக்குத் தகுந்தபடி நாடகம் எழுதுகிறார் பாருங்கள்! இன்று எந்த காஸ்டிங் டைரக்டர் அப்படிச் செய்வார்?

ஆனால் இந்தக் கதையில் கொடுமையும் உண்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு வரும். குரல் உடையும். நேற்றுவரை ராஜபார்ட் கட்டிய பையன் இன்று கூட்டத்தில் ஒருவனாக நிற்பான், அல்லது ஊருக்குத் திரும்புவான். வீட்டைவிட்டுச் சிறுவயதில் வந்தவனுக்கு வேறு தொழிலும் தெரியாது. குருகுலம் என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது இதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

தாண்டி வந்தவர்களுக்கும் சினிமா எளிதாகத் திறக்கவில்லை. எம்.ஜி.ஆர். ‘சதிலீலாவதி’யில் தலைகாட்டியது 1936-ல். ‘ராஜகுமாரி’யில் நாயகனானது 1947-ல். இடையில் பதினோரு வருடம் சின்னச் சின்ன வேஷங்கள்.

கணேசனுக்கு வேறு மாதிரியான சோதனை. சிறுவனாகக் கம்பெனியில் சேர்ந்து பெண் வேஷங்கள் கட்டியவர். மேடையில் நூர்ஜஹானாக அவரைப் பார்த்த வேலூர் பி.ஏ.பெருமாள், ‘பராசக்தி’க்கு இவர்தான் என்று முடிவு செய்துவிட்டார். ஏ.வி.மெய்யப்பனுக்குத் திருப்தியில்லை, பையன் ஒல்லி. இன்னொருவரைப் போடலாம் என்ற பேச்சும் எழுந்தது. பெருமாள் அசையவில்லை. உடம்பு தேறிய பிறகு சில காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள். 1952 தீபாவளிக்குப் படம் வந்தது.

கணேசனின் தன்னம்பிக்கை என்று இதை எழுதிவிட எனக்கு மனமில்லை. அவரிடம் பத்துப் பதினைந்து வருட மேடைப் பழக்கம் இருந்தது, உண்மை. ஆனால் அந்த மாதங்களில் நடுங்காமல் நின்றது, பணம் போட்ட பெருமாள். பிற்பாடு சிவாஜி பொங்கல்தோறும் சீருடன் வேலூருக்கு, பெருமாள் வீட்டுக்குப் போய்வந்தார்.