துடுப்பின் அலகு கண்ட மாற்றங்கள்



துடுப்பினால் நீரைப் பின்னே தள்ளுகிறோம். படகு முன்னே செல்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிக்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். ஆயினும் பந்தயப் படகோட்டி உண்மையில் விரும்புவது நீரைத் தள்ளுவதன்று. நீரில் ஊன்றிய துடுப்பின் அகன்ற நுனி, அதாவது அலகு, இயன்றவரை அசையாது நிற்க வேண்டும். அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு படகு முன்னேற வேண்டும் என்பதே அவன் நோக்கம். ஆனால் நீர் கல்லன்று, வழிவிடும் இயல்புடையது. அலகு வழுக்குந்தோறும் உழைப்பின் ஒரு பகுதி நீர்ச்சுழலாகி வீணே கழிகிறது. இவ்வழுக்கலைக் குறைக்க மேற்கொண்ட முயற்சிகளே அலகின் வரலாறாகும்.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் முதற்படகுப் பந்தயம் 1829ஆம் ஆண்டில் ஹென்லியில் நிகழ்ந்தது. படகுகள் கனமானவை, துடுப்பலகுகளோ நீண்டு ஒடுங்கியவை. 1846இல் துடுப்பைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் படகின் விளிம்புக்கு வெளியே நீண்டன; 1873இல் நகரும் இருக்கைகள் வந்தன. படகு இவ்வாறு மாறிக்கொண்டே வந்தும், அலகு நெடுங்காலம் தன் பழைய ஒடுங்கிய வடிவினின்று பெரிதும் விலகவில்லை.

மாற்றம் 1959இல் வந்தது. பிரான்சு நாட்டு மாக்கோன் நகரில் நடந்த ஐரோப்பியப் பந்தயத்துக்கு மேற்கு ஜெர்மானியர் நீளம் குறைந்து அகலம் மிகுந்த அலகுகளைக் கொணர்ந்தனர். அந்நகரின் பெயரே அவ்வடிவிற்கு நிலைத்துவிட்டது. அவர்தம் பயிற்சியாளருள் புகழ்பெற்றவர் கார்ல் ஆடம். இராட்சபர்க் என்னும் சிற்றூரின் பள்ளியாசிரியர். குத்துச்சண்டை பயின்றவரேயன்றிப் படகுப் பந்தய வீரர் அல்லர். மரபை அப்படியே ஏற்காது, ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்தவர் அவர். 1920 முதல் 1956 வரை ஒலிம்பிக் எண்மர் படகுப் போட்டியில் அமெரிக்கரே தொடர்ந்து வென்றிருந்தனர். 1960இல் அவ்வெற்றித்தொடரை ஜெர்மானியர் அறுத்தனர். இதற்கு அலகு ஒன்றே காரணம் எனக் கொள்ளலாகாது. ஆடம் வகுத்த புதிய பயிற்சிமுறைக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

அடுத்த திருப்பம் 1991இல் நேர்ந்தது. டிரைசிகாக்கர் உடன்பிறந்தார் என்னும் அமெரிக்கர் இருவர், வெட்டுக்கத்தி போன்ற அலகினை வெளியிட்டனர். மாக்கோன் அலகில் தண்டு நடுவில் அமைந்திருந்தது. புதியதிலோ தண்டு மேல்விளிம்பையொட்டி அமைந்தது. துடுப்பு சாய்வாகவே நீரில் இறங்குவதால், இவ்வடிவம் தண்டை நனைக்காமலே அலகு முழுவதையும் நீரில் மூழ்கச் செய்கிறது. இழுப்பின் தொடக்கத்தில் அலகு படகினின்று பக்கவாட்டில் விலகிச் செல்கிறது. அப்பொழுது விமானத்தின் இறக்கையைப் போன்று அது உந்துவிசை தருவதும் உண்டு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கிலேயே பல அணிகள் இதனைக் கையாண்டன.

அங்ஙனமாயின் அலகை மேன்மேலும் பெரிதாக்கலாமே என நீங்கள் வினவக்கூடும். இங்கே நெம்புகோல் விதி குறுக்கிடுகிறது. அலகு பெரிதாயின் வழுக்கல் குறையும். ஆனால் ஓட்டுபவர் கைக்குப் பளு கூடும். ஆகவே புதிய அலகுடன் துடுப்பின் நீளத்தைச் சில சென்டிமீட்டர் குறைக்க வேண்டியதாயிற்று. ஒன்றைத் திருத்தினால் அதனோடு இயைந்த மற்றொன்றையும் திருத்த வேண்டும்.

தோள்வலிமை மிக்க வீரர் எத்தனையோ தலைமுறையினர் ஒடுங்கிய அலகினை ஐயுறாது ஏற்றுக்கொண்டு உழைத்தனர். அவர்தம் உழைப்பில் குறையில்லை. கருவியை ஆராயும் வினாவே எழாதிருந்தது. உழைப்போடு அவ்வினாவும் சேர்ந்தபோதுதான் படகு விரைந்தது. இளைஞர்களாகிய நீங்கள் இதனை நினைவிற் கொள்வீர்களாக.