அனலாக் சீக்வென்சருக்கு இரண்டு எண்ணிகள் வேண்டும்: தவில் கணக்கை முன்வைத்து ஒரு வடிவமைப்பு வாதம்

சீக்வென்சர் கடிகாரத் துடிப்புக்கு ஒரு படியாக நகரும். அந்தப் படியின் குமிழில் வைத்த மின்னழுத்தம் ஆசிலேட்டருக்குப் போய்ச் சுரமாகிறது. மூக் 960 கருவியில் 3 வரிசைகள், வரிசைக்கு 8 படிகள். 1969இல் டேவிட் டியூடர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய் உள்ளிட்டோர் அதில் இசையமைத்தனர். 1982இல் சரண்ஜித் சிங், 16 படிகள் கொண்ட ரோலண்ட் டிபி-303இல் ராகங்களை இசைத்தார். இந்தக் கருவிகளின் படிக்கணக்கு நம் தாளத்திலிருந்து பிறந்ததன்று. படிகளைக் கூட்டுவதால் மட்டும் இந்தக் குறை தீராது என்பதே இக்கட்டுரையின் வாதம். சொற்கட்டை எண்ண ஓர் எண்ணி, தாளத்தை எண்ண மற்றோர் எண்ணி என இரண்டு தேவை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தில் முழங்கும் தவிலின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஆதி தாளத்தில் சதுஸ்ர நடைக்கு ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை. 5 மாத்திரைச் சொற்கட்டை இரண்டிரண்டு மாத்திரை இடைவெளியுடன் மும்முறை வாசித்தால் 19 மாத்திரை. ஆகவே 13 மாத்திரை கழித்துத் தொடங்கினால்தான் இந்தத் தீர்மானம் ஆவர்த்தனத்தின் தொடக்கமான சமத்தில் விழும். ஒரே எண்ணி உள்ள கருவி சொற்கட்டு முடிந்ததும் முதற்படிக்குத் திரும்பிவிடும். சமம் எங்கே என்பது அதற்குத் தெரியாது. 7 படிச் சொற்கட்டைத் தடையின்றிச் சுழலவிட்டால் 224 மாத்திரைக்குப் பிறகே, அதாவது 7 ஆவர்த்தனம் கழித்தே, இரண்டும் சமத்தில் கூடும். சுழலவிடுவதா, ஒவ்வொரு சமத்திலும் திருப்புவதா என்பதை வாசிப்பவர் தீர்மானிக்க ஒரு சுவிட்ச் போதும்.

இதற்கான தாள எண்ணியை மலிவான 4017 சில்லுகள் இரண்டைக் கொண்டு அமைக்கலாம். முதற்சில்லு மாத்திரையையும் அடுத்தது அட்சரத்தையும் எண்ணும். 4017இன் பத்து வெளியீடுகளுக்குள் 3, 4, 5, 7, 9 ஆகிய ஐந்து நடைகளும் அடங்கிவிடும்; வேண்டிய வெளியீட்டை ரீசெட் முனையில் சேர்த்தால் நடை மாறும். அதே தேர்வுக் குமிழின் இரண்டாம் அடுக்கு, கடிகாரத்தின் மின்தடையையும் உரிய விகிதத்தில் மாற்ற வேண்டும். இல்லையேல் நடையோடு காலப்பிரமாணமும் மாறிவிடும்.

இன்னும் இரண்டு வசதிகள் பயன்தரும். வலந்தலையில் விரற்கூடும் தொப்பியில் கழியும் தனித்தனியே பேசுவதுபோல, இரண்டு தனித் துடிப்பு வரிசைகள் வேண்டும். டிபி-303இல் எந்தப் படிக்கும் வழுக்கலைச் சேர்க்கலாம், ஆனால் வழுக்கலின் நேரம் எல்லாப் படிக்கும் ஒன்றே. நாகசுரத்தின் கமகத்தை நெருங்கவாவது படிக்கொரு நேரக் குமிழ் வேண்டும்.

இவற்றைக் கணினியே செய்யுமே என்று கேட்கலாம். செய்யும். ஒரு 960இன் அருகே இன்னொன்றை வைத்துக் கம்பி இணைத்தும் தாளத்தை எண்ண வைக்கலாம். ஆனால் வாசிக்கும்போதே கை நீட்டி நடையை மாற்றவும் சமத்தைப் பிடிக்கவும் அந்த வசதி கருவியின் முகப்பிலேயே இருந்தாக வேண்டும்.

ராஜபாளையம் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியிலும் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்திலும் மின்னணுவியல் பயிலும் மாணவர்கள் இதை இறுதியாண்டுச் செயல்திட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டும். சுற்றுப்படம் வரையும் முன்பே ஒரு தவில் வித்வானை அருகில் அமர்த்திக் கணக்கைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.