மடிக்கணினி மாறினால் எழுத்தும் கூட வருமா?

பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவர்கள் கைக்குப் பழகிய எழுதுகருவியை இலகுவில் மாற்றிக்கொள்வதில்லை. இதைப் பலரும் பழைமைவாதம் என்பர். ஆயினும் அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு என்பதை மடிக்கணினியின் வரலாறே காட்டுகின்றது.

1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரேடியோ ஷாக் கடைகளில் விற்பனைக்கு வந்த 'மொடல் 100' என்ற சிறு கணினியே செய்தியாளர்கள் பெரிதும் விரும்பிய முதல் மடிக்கணினி எனலாம். ஜப்பானின் கியோசெரா நிறுவனம் அதனைத் தயாரித்தது. அதன் மென்பொருளின் பெரும்பகுதியை எழுதியவர்களுள் பில் கேட்ஸும் ஒருவர். வரிக்கு 40 எழுத்துகளாக, எட்டு வரிகள் மட்டுமே திரையில் தெரியும். ஆனால் நான்கு சாதாரண பற்றரிகளில் ஏறத்தாழ 20 மணி நேரம் இயங்கும். விசையை அழுத்தியதும் எழுதத் தொடங்கலாம். எழுதி முடித்ததும் தொலைபேசி வழியே ஆசிரிய பீடத்துக்கு அனுப்பிவிடலாம். களத்தில் நிற்கும் செய்தியாளனுக்கு வேறென்ன வேண்டும்?

1985இல் ரொஷிபா நிறுவனத்தின் 'ரி 1100' வந்தது. ஐ.பி.எம். கணினிகளுக்கான மென்பொருள்களை இயக்கவல்ல இம்மடிக்கணினியின் திரையில் 25 வரிகள் தெரிந்தன. பிளொப்பியும் செருகலாம். ஆயினும் எடை நான்கு கிலோகிராம்! அதனாலேயே பலர் பழைய கணினியை விட மனமின்றி இருந்தனர். பின்னர் மாறியவர்களும் பெரிதாக எதையும் இழக்கவில்லை. ஏனெனில், ஆங்கில எழுத்துகளுக்கு 1963இலேயே 'அஸ்கி' என்ற பொதுக் குறிமுறை வகுக்கப்பட்டிருந்தது. ஒரு கணினியில் எழுதியதை மற்றதும் வாசித்தது.

தமிழில் எழுதியோருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பெருவழக்காக இருந்த 'பாமினி' எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் 'அம்மா' என்று தட்டினால் திரையில் அம்மா தெரியும். கோப்பில் பதிவதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் ஆகிய ஐந்து குறிகள் மட்டுமே. அந்த எழுத்துரு இல்லாத வேறொரு மடிக்கணினியில் கோப்பைத் திறந்தால் அம்மாவைக் காணமுடியாது. பொருளற்ற ஆங்கில எழுத்துகளையே காணலாம்.

இதற்கான தீர்வு யுனிகோட். 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் விண்டோஸ் 2000 வந்த பின்னரே சாதாரண கணினிகளில் அது வேரூன்றத் தொடங்கியது. புதிய கணினியில் யுனிகோட்டுக்கு மாறியவர்களின் புதிய எழுத்துகள் உலகெங்கும் சென்றன. பழைய எழுத்துகளோ பின்தங்கிவிட்டன.

என்னிடமும் அத்தகைய பிளொப்பிகள் சில உண்டு. அவற்றைச் செருகுவதற்கு இன்றைய மடிக்கணினியில் இடமில்லை. எப்படியோ படியெடுத்தாலும் எழுத்துரு மாற்றியில் இடவேண்டும். அதுவும் முழுத் தீர்வன்று. வெறும் எழுத்துக் கோப்பாக இருந்தால், கட்டுரையின் இடையே வந்த ஆங்கிலப் பெயர்களையும் அது தமிழென்று எண்ணி உருக்குலைத்துவிடும். வரிவரியாக ஒப்புநோக்கித் திருத்தவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் 1841இல் தோன்றிய 'உதயதாரகை'யின் பழைய தாளொன்று கையில் கிடைத்தால் இன்றும் எவரும் வாசிக்கலாம். 1990களில் கணினியில் எழுதப்பட்ட கோப்பை அவ்வாறு வாசிக்க இயலவில்லை. போர்க்காலத்தில் ஊர் ஊராகச் சென்று திரட்டிய செய்திகளும், இன்று உயிரோடில்லாத மனிதர்களின் வாய்மொழிகளும் அத்தகைய கோப்புகளில் உறங்குகின்றன. அச்சேறியவை தப்பின. அச்சேறாதவற்றின் கதி என்ன?

அன்பர்களே, புதிய மடிக்கணினி வாங்குவோர் அதன் வேகத்தையும் எடையையும் பார்ப்பது இயல்பே. பழையதைக் கைவிடுமுன் அதிலுள்ள தமிழ்க் கோப்புகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். மாற்றவேண்டியவற்றை மாற்றிவையுங்கள். எழுதியவர் இருக்கும்போதே அதைச் செய்வது நல்லது; அந்தக் குழம்பிய எழுத்துகளுள் எது யாருடைய பெயர் என்பது அவருக்குத்தானே தெரியும்.