கத்தியா, கதிரா? செவி நரம்புக் கட்டிக்கு இரு சிகிச்சைகள்

ஒரு காது மெல்ல மந்தமானால் நம்மில் பலர் பொருட்படுத்துவதில்லை. மறு காது கேட்கிறதே என்று இருந்துவிடுகிறோம். வேலூர் மாவட்டம் ஒடுகத்தூரை அடுத்த ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு போன்ற ஊர்களிலிருந்து இறங்கி வரவேண்டியவர்களுக்கு அப்படி இருந்துவிடுவது இன்னும் எளிது. ஆனால் ஒரு காதில் மட்டும் வரும் செவித்திறன் குறைவும் இரைச்சலும், அரிதாக, செவி நரம்புக் கட்டியின் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

மூளைக்குச் செல்லும் எட்டாம் நரம்பில், உடலின் சமநிலையைக் காக்கும் கிளையைப் போர்த்தியிருக்கும் செல்களிலிருந்து இது வளர்கிறது. புற்றுநோய் அல்ல; வேறு உறுப்புகளுக்குப் பரவாது. பல கட்டிகள் ஆண்டுக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர்தான் வளர்கின்றன. சில வளர்வதே இல்லை. ஆபத்து, அது இருக்கும் இடத்தில்தான். முகத்தை அசைக்கும் ஏழாம் நரம்பு ஒட்டியே ஓடுகிறது. கட்டி பெருத்தால் மூளைத்தண்டையும் அழுத்தும்.

அறுவை சிகிச்சை பழைய வழி. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது இதே மாவட்டத்தில், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான். இந்த அறுவையில் காதுக்குப் பின்னால் மண்டையோட்டைத் திறந்து, நுண்ணோக்கியின் துணையோடு கட்டியை அகற்றுவார்கள். மூளைத்தண்டின் மீதான அழுத்தம் உடனே குறையும். கட்டி பெரிதாக இருந்தால் அந்தக் காதின் கேள்வித்திறன் பெரும்பாலும் போய்விடும். முகம் கோணும் அபாயமும் கூடும்.

கதிர் அறுவையில் கத்தியே இல்லை. சுவீடனின் லார்ஸ் லெக்செல் உருவாக்கிய காமா நைஃப் என்னும் கதிர்க் கருவி 1960களின் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்தது. சுமார் 12 கிரே கதிர்வீச்சைக் கட்டியின் மீது குவிப்பார்கள். பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட கட்டிகளின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. முகவாதம் வருவது அரிது. ஆனால் கட்டி உள்ளேயே இருக்கும், முதல் சில மாதங்களில் சற்று வீங்கவும் கூடும். கேள்வித்திறன் ஆண்டுகள் போகப்போகக் குறையலாம். ஏறத்தாழ 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிக்கு இது பொதுவாக ஏற்றதல்ல.

அறுவை மொத்தமாக அடைக்கும் கடன் என்றால், கதிர் தவணையில் அடைக்கும் கடன். அந்தத் தவணை, ஆண்டுக்கணக்கில் தொடரும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அறுவைக்குப் பின்னும் ஸ்கேன் உண்டு. சிறிய கட்டிக்கு எதுவும் செய்யாமல் ஸ்கேனில் கண்காணிப்பதும் முறையான வழிதான். 2023இல் வெளியான நார்வே ஆய்வில், உடனே கதிர் பெற்றவர்களின் கட்டி சுருங்கியது. ஆனால் நான்காண்டு முடிவில் கேள்வித்திறனிலும் வாழ்க்கைத் தரத்திலும், காத்திருந்தவர்களோடு குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

எந்த வழி சிறந்தது என்பதைக் கட்டியின் அளவு, வயது, மிஞ்சியிருக்கும் கேள்வித்திறன் இவற்றோடு, நோயாளியால் திரும்பத் திரும்ப வரமுடியுமா என்பதையும் வைத்தே முடிவுசெய்ய வேண்டும். கூலி இழந்து, பேருந்துக்குக் காத்திருந்து வருபவருக்கு அடுத்த ஸ்கேன் எப்போது, எங்கே, யார் செலவில் என்பதை முதல் நாளே சொல்வதும் சிகிச்சையே.

கட்டி சிறிதாக இருக்கும்போது வந்தவருக்கு மூன்று வழிகளும் திறந்திருக்கும். மூளைத்தண்டை அழுத்தும் அளவுக்கு வளர்ந்தபின் வருபவருக்குப் பெரும்பாலும் கத்தி மட்டுமே மிஞ்சும். ஒரு காது மட்டும் மந்தமானால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் கேள்வித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். இரு காதுகளுக்கும் வேறுபாடு தெரிந்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.